கொரியத் தொடர்களும் கொரிய நாடும்

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் மகள் கொரியத் தொடர்களில் மூழ்கிக் கிடக்கிறாள். சுவரெல்லாம் பி.ரி.எஸ். பாடகர் படங்கள். அந்த நாட்டில் குறையே இல்லை என்கிறாள். தடுப்பதா?
– ஒரு தாய், பரந்தன்

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா, அந்த ஆர்வத்தைக் கொண்டே நாட்டையும் அறியச் செய்யுங்கள். 1953இல் போர்நிறுத்தம் கையெழுத்தாகியும் சமாதான உடன்படிக்கை இன்றுவரை எட்டப்படாத தென்கொரியாவில், அவள் விரும்பும் பாடகர்கள் எழுவருமே கட்டாயச் சேவையை முடிக்க வேண்டியிருந்தது. போரைக் கண்ட வன்னிப் பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில், ஆங்கிலம் கேட்டல் பகுதியின்போது விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. அவ்வளவு நெருக்குதலும் அவள் வயதுப் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. மொழிப் பரீட்சை எழுதி அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்தவர் எவரேனும் அயலில் இருந்தால், அவரோடும் பேசவிடுங்கள். கொரிய மொழி கற்க விரும்பினால் மனமுவந்து இடங்கொடுங்கள்.