உயிர் இயற்பியல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உயிர் இயற்பியல் என்பது இரண்டு பாடங்களின் கலவைதானா? தொடங்க எவ்வளவு கணக்கு தெரிய வேண்டும்?

பதில்: கலவை என்று சொல்ல மாட்டோம். செல்லுக்குள் நடப்பதை விசை, ஆற்றல், நேரம் என்று அளந்து பார்ப்பதுதான் வேலை. பள்ளி இயற்கணிதம் போதும்.

முதலில் பரவலை, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே அங்குமிங்கும் அலைந்து பரவுவதைப் பிடியுங்கள். நேரம் = தூரத்தின் வர்க்கம் ÷ (2 × பரவல் குணகம்). ஒரு பொருள் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதன் அளவுதான் இந்தக் குணகம். நீரில் ஒரு சிறு மூலக்கூறுக்குக் குணகம் நொடிக்குச் சுமார் 1,000 சதுர மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் செல்லைக் கடக்க 0.05 நொடி, 1 சென்டிமீட்டருக்கோ 50,000 நொடி, ஏறக்குறைய 14 மணி நேரம்! ரத்த ஓட்டம் ஏன் தேவை என்பது இந்த ஒற்றை வரிக் கணக்கிலேயே விளங்கிவிடும். பலரும் வழுக்குவது அலகில்தான். மைக்ரோமீட்டரையும் சென்டிமீட்டரையும் குழப்பினால் விடை பத்துக் கோடி மடங்கு பிசகும்.

அடுத்து சவ்வூடு பரவலை, அதாவது செல்லின் சவ்வு வழியே நீர் உப்பு அதிகமுள்ள பக்கம் நகர்வதைக் கண்ணாலேயே பாருங்கள். சிவப்பு வெங்காயத்தின் நிறமுள்ள தோலை ஒற்றை அடுக்காக உரித்து, 100 மி.லி. நீரில் 5 கிராம் உப்பு கரைத்த கரைசலில் வையுங்கள். சில நிமிடங்களில், நுண்ணோக்கியில் நிறம் செல்சுவரை விட்டு உள்ளே சுருங்குவது தெரியும். சாதாரண நீர் விட்டால் மீண்டும் விரியும். விரியவில்லையா? உப்பில் அதிக நேரம் ஊறிச் செல் செத்திருக்கும். புதுத் தோலை உரியுங்கள்.