பழைய பள்ளிப் பேருந்தில் குடித்தனம்: உங்கள் கேள்விகள்

கே: பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை இங்கே சிங்கப்பூரிலேயே வாங்கி வீடாக்கி, கடற்கரைப் பூங்கா ஓரமாக நிறுத்திக் குடியிருக்கலாமா? (ஈசூன்)

ப: முடியாது. இருக்கைகளைக் கழற்றுவதற்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பேருந்தை நிறுத்த இடம் இருக்கிறது என்ற சான்று இல்லாமல் சாலை வரிகூடக் கட்ட முடியாது. பூங்காவில் ஒரு ராத்திரி கூடாரம் போடவே அனுமதிச் சீட்டு கேட்கும் ஊர் இது. ஆசை தீரவேண்டுமென்றால் சாங்கி வில்லேஜுக்குப் போங்கள். ஓய்வுபெற்ற 20 எஸ்பிஎஸ் நிறுவனப் பொதுப் பேருந்துகளை அறைகளாக்கி 2023 டிசம்பரில் ஒரு ஹோட்டல் திறந்தார்கள். அவை நகராது, அதனால் பாதித் தலைவலி இல்லை.

இனி வருபவை வெளிநாட்டில் செய்யப்போகிறவர்களின் கடிதங்கள்.

கே: மகள் டெக்சஸில் பள்ளிப் பேருந்து வாங்கியிருக்கிறாள். மூன்று மாதம் போய் உதவப்போகிறேன். உள்ளே ரப்பர் தரை நன்றாகவே இருக்கிறதாம். அதன்மேலேயே வினைல் தரை விரிப்பைப் பதித்துவிடலாமா? (தோ பாயோ)

ப: கூடாது. இந்தக் கேள்வி எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எல்லாம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் பழக்கம்! பழைய டைல்ஸ்மேல் புது வினைலை ஒட்டி, இரண்டே நாளில் வேலையை முடித்துப் பழகிவிட்டோம். அங்கே அடியில் கான்கிரீட். பேருந்தில் ரப்பருக்குக் கீழே பிளைவுட், பிளைவுட்டுக்குக் கீழே இரும்புத் தகடு, அதற்கும் கீழே சாலைதான். ஒவ்வோர் இருக்கையையும் அந்தத் தகட்டைத் துளைத்துத்தான் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். வருடக்கணக்கில் பிள்ளைகள் நனைந்த காலணியோடு ஏறி இறங்கிய ஈரமெல்லாம் துளை வழியே பிளைவுட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மேலே ரப்பர் மட்டும் பளபளவென்று இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் என் மைத்துனரோடு முதல் பேருந்தைச் செய்தபோது நானும் இதே புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். விற்றவர் “தரை சுத்தம்” என்றார், நம்பினோம். கட்டில், அலமாரி, சமையல் மேடை எல்லாம் முடிந்து ஐந்தாம் மாதம், சக்கர வளைவுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கியது. அத்தனையையும் கழற்றினோம். ஸ்குரூடிரைவரால் ஒரு குத்து, கீழே மண் தெரிந்தது. அன்றைக்கு என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது.

அதனால், தரையைப் பிரியுங்கள். துருவேறிய போல்ட் சுழலாது. கிரைண்டரால் தலையை வெட்டுவதுதான் வழி. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, துளைகளை அடையுங்கள். அமெரிக்கர்கள் ஒரு சென்ட் காசில் சீலன்ட் பசை தடவி போல்ட் துளைமேல் ஒட்டிவிடுவார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நிற்கும். உள்ளங்கை அகல ஓட்டை என்றால் புதுத் தகடு வைத்து வெல்டிங்தான். அதற்கப்புறம் சூடும் குளிரும் ஏறாமல் தடுக்கும் இன்சுலேஷன், புது பிளைவுட், கடைசியாக உங்கள் வினைல். மூன்று மாதத்தில் ஒரு மாதம் இதற்கே போய்விடும், மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கே: மாப்பிள்ளை ஆறடி ஓர் அங்குலம். பேருந்துக்குள் தலை இடிக்குமா? (பொங்கோல்)

ப: அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளின் உள்ளுயரம் ஏறக்குறைய ஆறடியிலிருந்து ஆறரை அடி. இன்சுலேஷனும் தரையும் அதில் இரண்டு மூன்று அங்குலத்தை விழுங்கும். ஆறரை அடிப் பேருந்தாகத் தேடச் சொல்லுங்கள். கூரையை வெட்டி உயர்த்துவது முதல்முறை செய்கிறவருக்கு ஆகாது.

கே: எத்தனை சோலார் தகடு போடவேண்டும்? (பிடோக்)

ப: என்னென்ன ஓடப்போகிறது என்று எழுதாமல் எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வது? விளக்கு, மின்விசிறி, சின்னக் குளிர்பெட்டி என்றால் கொஞ்சம் போதும். ஏர்கான் என்றால் கதையே வேறு. 12 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் இருப்பது சுமார் 1.2 யூனிட் (கிலோவாட்-மணி). ஒரு கிலோவாட் இழுக்கும் ஏர்கானை ஒரு மணி நேரம் ஓட்டினால் தீர்ந்தது. முதலில் பட்டியல் போடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள், தள்ளி அல்ல. இங்கே முஸ்தபா கடையில் வாங்கிய ரைஸ்குக்கரை அமெரிக்காவுக்கு மூட்டை கட்டாதீர்கள். அங்கே 120 வோல்ட், நம்முடையது 230.

கே: மஞ்சள் நிறம் அழகாக இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? (உட்லண்ட்ஸ்)

ப: அமெரிக்காவில் 1939 முதல் அந்த மஞ்சளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பொருள். பல மாநிலங்களில் சட்டம் விடாது. வேறு நிறம் அடியுங்கள். பக்கவாட்டு ‘நில்’ பலகையையும் மின்னும் விளக்குகளையும் கழற்றுங்கள்.

கே: பஸ் மலிவாக வருகிறது. வாங்கலாமா? உடனே பதில் தரவும்.

ப: எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த இன்ஜின், எத்தனை அடி? நான்கும் இல்லை. அடியில் படுத்துத் தரையைப் பார்த்தீர்களா? அதுவும் இல்லை. மறுபடி எழுதுங்கள்.

கே: கடைசி வரிசைக்குப் பின்னால் 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா? கல்லில் சமையல் மேடையும் ஆசை. (ஜூரோங்)

ப: 400 லிட்டர் என்றால் 400 கிலோ. பின் அச்சுக்கும் பின்னால் அதைத் தொங்கவிட்டால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வையுங்கள். கல் மேடை வேண்டாம், பலகையே போதும். வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

கே: நியூசிலாந்தில் கையில் தூக்கும் கழிப்பறை போதுமா? (செங்காங்)

ப: முன்பு போதுமாக இருந்தது. 2023 சட்டத்துக்குப் பிறகு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் தன்னிடமே உள்ள தன்னிறைவு வாகனம் என்ற பச்சைச் சான்று வேண்டுமென்றால் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்கவேண்டும்.