பெஞ்ச் காலியாக இருந்தும் ஏன் எல்லோரும் குளத்துப் படியில் உட்காருகிறார்கள்?

முதல் காரணம் வெயில். டெல்டா ஊர்களில் சாயங்காலம் நாலு மணிக்கும் சிமெண்ட் பெஞ்சில் சூடு இறங்கியிருக்காது, நிழல் நகர்கிற பக்கம் ஆளும் நகர்ந்துகொள்வார், தரையில் பதித்த பெஞ்ச் எங்கே நகரும்? கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள், நாலு பக்கமும் படிகள். தனியாகவோ கும்பலாகவோ, வேண்டிய உயரத்தில், முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி உட்காரலாம். நீள பெஞ்சில் பக்கத்து ஆளோடு பேசினால் கழுத்துதான் வலிக்கும்.

1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், நகர்த்த முடிகிற நாற்காலியை ஆட்கள் உட்காரும் முன் கொஞ்சமாவது இழுத்துப் போடுவதைக் கவனித்தார். நம்ம டீக்கடை ஸ்டூலுக்கும் அதே கதைதான்! அப்புறம், வேடிக்கை பார்க்க ஆள் நடமாட்டம் வேண்டும். புதிதாக பெஞ்ச் போடுகிறவர்கள் மரத்தடியில், தெருவைப் பார்த்தாற்போல் போடட்டும்.