எஃப்-1 விசாவில் இருக்கும் மகள் விளம்பரப் பணம் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ஊரில் மளிகைக் கடை திறக்கப்போகும் தமிழர் ஒருவர், திறப்பு விழாவுக்கு வந்து நின்று, இன்ஸ்டாகிராமில் நான்கு ரீல்ஸ் போட்டால் 1,500 டாலர் தருவதாகச் சொல்கிறார். விசா சிக்கல் வரும் என்றால், பணத்தை ரூபாயாக என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவாராம். கூட ஆடும் அமெரிக்கப் பெண்கள் இப்படி நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். டீமில் உள்ளவர்களின் பெயர் போட்ட டி-ஷர்ட்டை ஒரு நிறுவனம் விற்று ஆளுக்கொரு பங்கு தரப்போகிறது. அதற்கும் கையெழுத்துக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகமோ அவள் படத்தைப் போஸ்டரில் போட்டுவிட்டு ஒரு காசும் தரவில்லை. எதற்குச் சரி சொல்லலாம்?
- கோவை வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கணக்கில் ரூபாயாக வாங்கும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வேலையை யார், எந்த நாட்டில் நின்று செய்தார் என்பதைத்தான் குடியேற்றச் சட்டம் பார்க்கும். பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்பது அதற்கு முக்கியமில்லை. அனுமதியில்லாமல் வேலை செய்தது ஒரு தப்பு, அதை அப்பா கணக்கில் மறைத்தது இன்னொரு தப்பு என்று ஆகிவிடும். சாட்சி தேடி யாரும் அலையவும் வேண்டாம். ரீல்ஸ் ஊருக்கே தெரியும்படி கிடக்கும்.

கூட ஆடும் பெண்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. அவர்களுக்கே இந்த உரிமை 2021-இல்தான் கிடைத்தது. அதுவரை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, தன் பெயரையும் படத்தையும் விற்றுப் பணம் வாங்கும் மாணவரை ஆடவே விடாது. யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்காக 1995-இல் கூடைப்பந்துப் பட்டம் வென்ற எட் ஓபேனன், பிற்பாடு ஒரு வீடியோ கேமில் அசப்பில் தன்னைப் போலவே ஒரு ஆட்டக்காரன் ஓடுவதைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு டாலர் கூட வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம், மாணவர்கள் இப்படிச் சம்பாதிக்கலாம் என்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2021 ஜூனில், ஆல்ஸ்டன் என்ற வீரர் பெயரால் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்சிஏஏவுக்கு எதிராக நின்றார்கள். அது படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றிய வழக்குதான், ஆனாலும் என்சிஏஏ ஆடிப்போய்விட்டது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயர், படம், சாயலை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2025 ஜூனில், என்சிஏஏ மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு அதே வில்கன் ஒப்புதல் தந்த பிறகு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

ஆக, விளையாட்டு விதி உங்கள் மகளைத் தடுக்கவில்லை. தடுப்பது விசா. என்சிஏஏ எத்தனை கதவைத் திறந்தாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவின் விதி தளரவில்லை. அதில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே என்றால் தனி அனுமதி வேண்டும், மளிகைக் கடை விளம்பரத்துக்கு அது கிடைக்காது. திறப்பு விழாவில் நின்று சிரிப்பது வேலையா என்று கேட்பீர்கள். கூலி வாங்கிக்கொண்டு நின்றால் வேலைதான். மாட்டினால் விசா நிலை பறிபோகலாம், ஸ்காலர்ஷிப்பும் அதோடு போகும். இப்போது தப்பினாலும், நாளைக்கு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ‘அனுமதியின்றி வேலை செய்ததுண்டா’ என்ற கேள்வி வரும். அங்கே பொய் எழுதினால் கதை இன்னும் மோசமாகும். 1,500 டாலருக்கு இதெல்லாம் தேவையா?

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022-இல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்று விருதெல்லாம் வாங்கியவர், எஃப்-1 விசாவில்தான் இருந்தார். அந்த ஆண்டு அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்தார். அமெரிக்க மண்ணில் செய்யாத வேலைக்கு அமெரிக்க வேலை அனுமதி தேவையில்லை என்பதுதான் கணக்கு. உங்கள் மகளும் கோடை விடுமுறைக்குக் கோவை வரும்போது ரீல்ஸை இங்கேயே எடுத்து, இங்கேயே பதிவேற்றி முடிக்கலாம். திறப்பு விழாவை மறந்துவிட வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் வேலை நடக்கும் இடம் இந்தியா, இன்ன தேதிக்குள் முடியும் என்று தெளிவாக எழுதுங்கள். அமெரிக்கா திரும்பிய பிறகு ‘இன்னும் ஒரே ஒரு ஸ்டோரி மட்டும்’ என்று கடைக்காரர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளட்டும். பணத்தை அவள் பெயரிலேயே வாங்கி, வரிக் கணக்கிலும் காட்டுங்கள். என்சிஏஏவின் மேல்தட்டுப் பிரிவான டிவிஷன் 1 அணி என்றால், 600 டாலரும் அதற்கு மேலும் போகும் வெளி ஒப்பந்தங்களை ‘என்ஐஎல் கோ’ (என்ஐஎல் என்பது பெயர், படம், சாயல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற தளத்தில் பதிய வேண்டும். இது நல்லதுதான், ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதற்கு அதுவே பதிவு.

டி-ஷர்ட் விஷயம் கொஞ்சம் வேறு. பெயரைப் பயன்படுத்த அனுமதி கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால், வரும் பங்கு வீட்டு வாடகை, பங்கு ஈவு மாதிரி உழைக்காமல் வரும் வருமானம் என்பது பல குடியேற்ற வழக்கறிஞர்களின் கருத்து. ஆனால் அரசு அப்படி எழுதித் தரவில்லை என்பதை மறக்கக் கூடாது. எனவே ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ‘ஆட்டோகிராஃப் போட்டுத் தர வேண்டும்’, ‘போட்டோ ஷூட்டுக்கு வர வேண்டும்’, ‘தன் பக்கத்தில் பகிர வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தாலும் அது வேலையாகிவிடும். அந்த வரிகளை அடித்துத் தரச் சொல்லுங்கள், மறுத்தால் விலகிக்கொள்ளட்டும்.

போஸ்டர் நியாயமா என்று கேட்டீர்கள். என் மனதுக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அணியில் சேரும்போது நீட்டிய காகிதக் கட்டில், படத்தை அணியின் விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஒப்புதல் என்று ஒரு தாள் அநேகமாக இருந்திருக்கும், அவளும் கையெழுத்திட்டிருப்பாள். அதன் நகலை வாங்கிப் பாருங்கள். அணி விளம்பரத்தோடு நின்றால் வழக்குக்கு இடமில்லை. அவள் முகத்தை ஒரு குளிர்பானக் கம்பெனிக்குக் கைமாற்றியிருந்தால் பேச இடமுண்டு. நம் ஊரிலும் இந்த உரிமை புதிதல்ல. 2015-இல் தன் பெயரையும் சாயலையும் அனுமதியின்றி ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார் ரஜினிகாந்த்.

எதிலும் கையெழுத்திடும் முன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இரண்டு ஒப்பந்தங்களின் நகலையும் மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் கேட்கச் சொல்லுங்கள். அணிப் பயிற்சியாளர் ‘பரவாயில்லை, எல்லாரும் செய்கிறார்கள்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம், விசா அவர் கையில் இல்லை. அலுவலகத்தின் பதில் மழுப்பலாக வந்தால், அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் இப்போதைக்கு, ‘கோடை விடுமுறையில் பார்க்கலாம் அண்ணா’ என்று மகளைச் சொல்லச் சொல்லுங்கள்.