ஒப்பிட்டுச் சொல்லும்போது ஆங்கில அட்வெர்புகளில் (வினையடைகளில்) எங்கே 'அர்', எங்கே 'மோர்' போட வேண்டும்?

நீங்கள் தேர்வுக்குப் படிக்கிறீர்கள், கையிலிருக்கும் நோட்ஸில் 'எல்ஒய் என்று முடிந்தால் மோர்' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வரி பெரும்பாலும் சரி. குயிக்லி என்பது மோர் குயிக்லி, மோஸ்ட் குயிக்லி ஆகும். ஃபாஸ்ட், ஹார்ட், சூன் போன்ற சின்னச் சொற்கள் 'அர்', 'எஸ்ட்' ஏற்கும். வெல், பெட்டர், பெஸ்ட். பேட்லி, வர்ஸ், வர்ஸ்ட்: இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

அந்த வரிக்கு அடங்காத சொல் 'எர்லி'. அது எர்லியர், எர்லியஸ்ட் என்றுதான் போகும். என் மகள் அப்படித்தான் எழுதியிருந்தாள். விடைத்தாளில் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'மோர் எர்லி' என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். அகராதியை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டினேன். ஆசிரியை அந்தப் பக்கத்தைப் படித்தார். "விடைக்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது சார்" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இங்கே யாராவது எழுதுவார்கள். எனக்கு மதிப்பெண் பெரிதல்ல. அடுத்த தேர்வில் அவள், தப்பு என்று தெரிந்தே, 'மோர் எர்லி' என்று எழுதிவிட்டு வந்தாள். அதுதான் இன்னமும் என்னைச் சுடுகிறது. ஆசிரியர்களையும் நான் பொதுவாகக் குறை சொல்லவில்லை. அவர்கள் தலையில் ஏற்றியிருக்கும் சுமை எனக்குத் தெரியும். ஆனால் நோட்டுக்கு அட்டை போடவில்லை, ஓரக்கோடு கோணல் என்றெல்லாம் பெற்றோரை வரவழைத்துப் பேச நேரம் இருக்கும் இடத்தில், விடைக்குறிப்பைத் திருத்த மட்டும் ஏன் நேரமில்லை?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட் தேன் மீ' என்று நம்மவர்கள் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'என்னைவிட வேகமாக' என்னும்போது ஒப்பீட்டை 'விட' சுமக்கிறது, 'வேகமாக' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'தேன்' என்ற சொல் மட்டும் போதாது, ஃபாஸ்டும் ஃபாஸ்டர் ஆக வேண்டும். 'மோர்', 'அர்' இரண்டையும் சேர்த்து 'மோர் ஃபாஸ்டர்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஸ்லோவர்', 'மோர் ஸ்லோலி' இரண்டும் வழக்கில் உள்ளவை. தேர்வில் இரண்டாவதை எழுதுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். 'ஹார்ட்லி' என்றால் 'கிட்டத்தட்ட இல்லை' என்று பொருள். கடினமாக உழைத்தவரைச் சொல்ல 'ஒர்க்ட் ஹார்டர்' என்று எழுதுங்கள்.