ஹெச்-இண்டெக்ஸ் 11: மாப்பிள்ளை தேறுவாரா?

நூலகர் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் இயற்பியலில் பி.எச்டி. முடித்து உதவிப் பேராசிரியராக இருக்கிறார். பயோடேட்டாவில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே ‘சைட்டேஷன் 640, ஹெச்-இண்டெக்ஸ் 11’ என்று போட்டிருக்கிறார்கள். இது நல்ல எண்ணா, சுமாரா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கல்லூரி நூலகத்தில் 31 வருஷம் இருந்துவிட்டேன். இந்த எண்ணைக் காட்டிப் பதவி உயர்வு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் கேட்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

முதலில் 640. அவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அத்தனை தடவை குறிப்பிட்டிருக்கிறார்கள். சைட்டேஷன், தமிழில் மேற்கோள், என்பது இதுதான். 640 வெறும் கூட்டுத்தொகைதான். ஒரே ஒரு கட்டுரை 600 வாங்கி மிச்சமெல்லாம் தூங்கினாலும் கூட்டினால் இதே 640 வந்துவிடும். அதைச் சரிசெய்யத்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005-இல் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். கட்டுரைகளை அதிக மேற்கோள் வாங்கியதிலிருந்து வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: 40, 25, 12, 6, 5, 3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதுக்கு 6 வேண்டும், 3தான் இருக்கிறது. அப்போ ஹெச் 5. உங்கள் பையனுக்கு 11 என்றால், குறைந்தது 11 மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் 11 இருக்கின்றன.

இயற்பியலில், அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களில் இணைப் பேராசிரியர் ஆவதற்கு 12 அளவில் இருக்கலாம் என்று ஹிர்ஷே எழுதினார். அந்தக் கணக்கில் பையன் வாசற்படியில் நிற்கிறார். ஆனால் மருத்துவ ஆய்வில் இருக்கும் உறவுக்காரப் பையனுக்கு 30 என்று யாராவது சொன்னால் ஒப்பிடாதீர்கள். அங்கே ஆள் அதிகம், கட்டுரை அதிகம், மேற்கோளும் கொட்டும். கணிதத்தில் 11 வருவதற்குள் தலை நரைத்துவிடும்.

இன்னொரு சங்கதி. 2024-இல் அமெரிக்க ஆய்வு மாணவர் ஒருவர், தன் பாட்டி வளர்த்த லாரி என்ற பூனையின் பெயரில் 12 போலிக் கட்டுரைகள் தயாரித்தார். அவற்றை மேற்கோள் காட்ட இன்னும் சில போலிகள். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம் அப்படியே எண்ணிக்கொண்டது. பூனைக்கு 132 மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ்? அதே 11! பணம் கொடுத்தால் மேற்கோள் வாங்கித் தரும் வியாபாரம் நடக்கிறதே, அது எவ்வளவு சுலபம் என்று காட்டத்தான் இதைச் செய்தார்கள்.

பையனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. கூகுள் ஸ்காலரில் அவர் பக்கத்தைத் திறந்து, மேற்கோள் எண்ணைத் தொட்டால் யார் யார் குறிப்பிட்டார்கள் என்ற பட்டியல் வரும். அது மொய் நோட்டு மாதிரி. அவர் சொந்தப் பெயரும், அதே நான்கு நண்பர்களும் மாறி மாறி வந்தால், ‘நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன்’ கணக்கு. முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் எழுதியிருந்தால் அதுதான் நிஜ மொய். அப்புறம், ‘இதில் உங்களுக்குப் பிடித்த கட்டுரை எது?’ என்று உங்கள் மகளே அவரிடம் கேட்கட்டும்.

கேள்வி: நான் ஆய்வு மாணவன். எங்கள் கட்டுரையில் 14 பேர் பெயர். வேலை செய்தது மூன்று பேர். மேற்கோளைப் பங்கு பிரிப்பார்களா? யாரோடு சேர்ந்து எழுதினோம் என்பதையும் அளக்கிறார்களாமே?
– வாசகர், கோவை

பதில்: பங்கு பிரிப்பதில்லை தம்பி. பந்தியில் பரிமாறியவருக்கும் சாப்பிட்டவருக்கும் முழு இலைதான். 14 பேருக்கே அலுத்துக்கொள்கிறீர்கள். ஹிக்ஸ் என்ற அணுத்துகளின் நிறை பற்றி, ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்னின் குழுக்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான்!

சேர்ந்து எழுதியவர்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு வலை வரும். ஹங்கேரியக் கணிதமேதை பால் எர்டிஷ் பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போய், 500-க்கும் மேற்பட்டவர்களுடன் சேர்ந்து எழுதினார். அவரோடு எழுதியவருக்கு எர்டிஷ் எண் 1. அவரோடு எழுதியவரோடு எழுதியவருக்கு 2. நம் ஊரில் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று உறவு சொல்வோமே, அப்படி. ஐன்ஸ்டைனுக்கு 2, நடுவில் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ். இயற்பியலாளர் மார்க் நியூமன் 2001-இல் கணக்கிட்டபோது, இயற்பியலிலும் உயிர்மருத்துவத்திலும் எந்த இருவருக்கும் இடையே சராசரியாக ஐந்தாறு படிதான் வந்தது. இந்த வலையில் நான் பார்ப்பது ஒருவருக்கு எத்தனை கோடு என்பதை அல்ல. அவரை எடுத்துவிட்டால் இரண்டு கூட்டம் தனித்தனியாகப் பிரிந்துவிடுமா என்பதைத்தான்.

உங்களுக்கு அவசரமான வேலை வேறு. உடனே ஓர்கிட் எண் வாங்குங்கள். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண் அது. 16 இலக்கம், இலவசம். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். குமார் என்று தேடினால் ஊரே வரும். எனக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளர் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றினார். பாதிக் கட்டுரைகள் வேறு யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டன. மீட்க எட்டு மாதம் ஆயிற்று.

கேள்வி: உலகிலேயே அதிக மேற்கோள் வாங்கிய கட்டுரை எது? ஐன்ஸ்டைனுடையதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆலிவர் லௌரியும் இன்னும் மூன்று பேரும் 1951-இல் எழுதியது. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழி, அவ்வளவுதான். நீல நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பார்கள். அது வந்த ஆய்விதழின் 193-ஆம் தொகுதி, 265-ஆம் பக்கம், எனக்கு இன்னும் மனப்பாடம். எங்கள் கல்லூரி ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் அதைக் குறிப்பிட்டிருக்கும். அலமாரியிலிருந்து அந்தத் தொகுதியை எடுத்துத் தரச் சொன்னவர்கள், என் 31 வருஷத்தில் இரண்டே பேர்.