“அம்மா, இன்னொரு தரம் கழுவு”

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகளுக்கு 17 வயது. இடுப்பில் கட்டும் என் படங்கில் புல்லுக்கு அடிக்கும் மருந்து ஒட்டியிருக்கும் என்று பயந்து, நான் மலையிலிருந்து வந்ததும் பீலித் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வைக்கிறாள். அவள் கையும் கழுவிக் கழுவி வெடித்துவிட்டது. “இப்போது சுத்தமா?” என்று ஓயாமல் கேட்கிறாள். லயத்தில் காத்துக் கருப்பு என்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் பழகிவிடும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் மகள் பிடிவாதக்காரி இல்லை. காத்துக் கருப்பும் அண்டவில்லை. நீங்கள் எழுதியிருப்பது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் போலத் தெரிகிறது. மருத்துவர் நேரில் பார்த்துத்தான் அதை உறுதி செய்ய வேண்டும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் இது.

மருந்து அடித்த மலையில் வேலை செய்தால், வந்ததும் சவர்க்காரம் போட்டு ஒருமுறை கழுவி உடுப்பு மாற்றுவது நியாயமான கவனம். அதை விட்டுவிடாதீர்கள். கழுவிய பிறகும் மனம் ஒப்பாமல் ஆறாவது தரம் பீலிக்குப் போக வைப்பதுதான் நோய். குளிர் தண்ணீரில் கை விறைத்து, விரல் இடுக்கில் இரத்தம் கசிந்தாலும் அவளால் நிறுத்த முடியவில்லை. இது தேவையில்லை என்று பெரும்பாலும் அவளுக்கே தெரியும். தெரிந்தும் முடியவில்லையே என்பதுதான் பெரிய வேதனை.

மூளையின் முன்பகுதி “எங்கோ தவறு இருக்கிறது” என்று எச்சரிக்கும். அந்தச் செய்தி உள்ளே காடேட், தலாமஸ் என்ற பகுதிகள் வழியாகச் சுற்றி வந்து, வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். ஓ.சி.டி.யில் அடங்குவதில்லை. காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்கு எல்லாரும் வந்து சேர்ந்த பிறகும், கூப்பிடுகிற தப்புப் பறையை அடித்துக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் வளர்ப்பில் குறை தேடாதீர்கள்.

ஆனால் நீங்கள் அன்பால் செய்கிற ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது. அவள் கேட்கும்போதெல்லாம் “சுத்தம்தான் கண்ணு” என்கிறீர்கள். சில நிமிடம் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அவளை மறுபடி கேட்க வைக்கிறது. அதற்காக ஒரே நாளில் வெடுக்கென்று நிறுத்திவிடாதீர்கள். அவளோடு பேசி, சம்மதம் வாங்கி, “இது நோய் கேட்கிற கேள்வி. பதில் சொல்லமாட்டேன், ஆனால் பக்கத்திலேயே இருப்பேன்” என்று சொல்லிப் பழகுங்கள்.

சிகிச்சையும் இதே வழியில்தான் போகிறது. பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, கழுவாமல் பொறுத்திருப்பது. முதலில், நீங்கள் கழுவிவிட்டு வந்து தொட்ட கதவை அவள் தொட்டு, பத்து நிமிடம் இருக்கட்டும். பயம் உச்சத்துக்குப் போகும். அப்புறம் கழுவாமலேயே இறங்கும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிக் காட்டிய முறை இது. பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு தொடங்குவது நல்லது.

மாத்திரை என்றால் ஃபுளூவொக்செற்றின், சேர்ட்ரலின் போன்றவை. இவை போதை மாதிரிப் பழகிப்போவதில்லை. ஆனால் பொறுமை வேண்டும்: பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவும் தேவைப்படலாம். இரண்டு வாரத்தில் “ஒன்றும் கேட்கவில்லை” என்று விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனம் கனக்கிறது. சுகமான பிறகும் குறைந்தது ஒரு வருடமாவது தொடர வேண்டிவரும். நீங்களாகத் திடீரென நிறுத்தக்கூடாது. இளம் வயது என்பதால் முதல் வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையால் தேறியவர்களுக்கும் பயிற்சியால் தேறியவர்களுக்கும் காடேட் பகுதியின் அதிகப்படியான வேலை குறைந்திருந்தது. மனப்பயிற்சியும் மூளைக்கு மருந்துதான்.

நுவரெலியா, பதுளை அரச ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் உண்டு, காசு இல்லை. அவசரமென்றால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். மகளைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள். ஒரு நாளில் எத்தனை தரம் கழுவுகிறாள், எவ்வளவு நேரம் போகிறது, எதையெல்லாம் தொடப் பயப்படுகிறாள் என்று ஒரு கொப்பியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். டொக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.